ஏழாம் கொக்கியில் ஒன்றாம் எண்

காலை 9.10.

பெண்கள் விடுதியின் மாஸ்டர் சாவி போன விஷயம் ஒரு சாதாரணக் கேள்வியில்தான் வெளியே வந்தது.

"மேடம், விடுதி வார்டன் கூப்பிட்டாங்க. ஒரு பொண்ணு சாவியை ரூமுக்குள்ளயே வச்சுக் கதவைச் சாத்திட்டாளாம். மாஸ்டர் சாவியைக் குடுத்தனுப்புறீங்களா?"

கேட்டவர் கட்டுப்பாட்டு அறைக் காவலர். வாக்கிடாக்கியை வாயிலிருந்து எடுக்கவே மாட்டார் என்பதால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவர்.

"அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க? பலகையில இருக்கும், எடுத்துக் குடுங்க."

"பலகையில உங்க டோக்கன்தானே மேடம் தொங்குது."

பல்கலைக்கழகப் பாதுகாப்புத் துறையின் தலைமை அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து சாவிப் பலகையின் முன்னால் போய் நின்றாள். நாற்பத்தெட்டுக் கொக்கிகள். ஏழாவதில் சாவி இல்லை. அந்த இடத்தில் ஒரு பித்தளை டோக்கன், எண் ஒன்று. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், எண்ணின் ஓரங்கள் மழுங்கியிருந்தன.

துறையில் இது ஒரு முறை. சாவி எடுப்பவர் தன் டோக்கனை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சாவியைத் திருப்பித் தரும்போது டோக்கனைக் கழற்றிக்கொள்ளலாம். ஒன்று என்பது தலைமை அதிகாரியின் எண். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் சேர்ந்த அன்று, பட்டறையில் புதிதாக எண் குத்தி அவள் கையில் கொடுத்தார்கள்.

"நான் எடுக்கல" என்றாள்.

ரேடியோ வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அன்று என்று பார்த்தா இது நடக்க வேண்டும்? மாலை நான்கு மணிக்குப் பதிவாளர் வருகிறார். அரையாண்டுச் சாவிக் கணக்கெடுப்பு முடிந்ததும் அவளுடைய பணி நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. இருநூற்றுப் பதினாறு அறைகளைத் திறக்கும் சாவியைத் தொலைத்தவளுக்கு எந்தப் பதிவாளரும் கையெழுத்துப் போடமாட்டார். பெட்டியைக் கட்டச் சொல்லுவார்.

தன் வேலையைப் பற்றிய கவலையை அவள் இரண்டாவதாகத்தான் வைத்தாள். முதலில் விடுதிக்கு ஆறு பெண் காவலர்களை அனுப்பி, மாடிக்கு இருவராக நிறுத்தினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

காலை 9.35.

துணை அதிகாரியை முதலில் கூப்பிட்டாள். ஐம்பது வயது. இந்தப் பதவி தனக்குத்தான் வரும் என்று பத்து வருஷம் காத்திருந்து ஏமாந்த மனிதர்.

"கடைசியா சாவியை யார் பார்த்தது?"

"காலைல ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது நானும் ரேடியோவும் எண்ணினோம். நாப்பத்தெட்டும் இருந்துச்சு. ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு."

"அப்புறம்?"

"நான் மெயின் கேட்டுக்குப் போயிட்டேன். எட்டரைக்கு நீங்க வந்து இறங்கும்போது அங்கதானே சல்யூட் அடிச்சேன்."

"உங்க டோக்கன்?"

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். எண் இரண்டு. ஓரமெல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

"மேடம் தப்பா நினைக்கக் கூடாது" என்றார், தப்பாக நினைக்கும்படியே. "நேத்து சாயங்காலம் பம்ப் ரூம் சாவியை எடுத்தீங்க. டோக்கனைத் திருப்பி எடுத்துக்கிட்டீங்களா?"

அதுதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. எடுத்தாளா இல்லையா? நினைவில்லை. நேற்றைய சீருடை வீட்டில் அழுக்குக் கூடையில் கிடக்கிறது. டோக்கன் அதன் பையில் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். மறந்து பலகையிலேயே விட்டிருந்தால், அதை எவன் வேண்டுமானாலும் எடுத்து ஏழாம் கொக்கியில் மாட்டியிருக்கலாம். கணவனுக்குப் போன் செய்தாள். பல் மருத்துவர், வீட்டோடு கிளினிக்; யாருடைய வாயிலாவது கை வைத்திருப்பார். எடுக்கவில்லை.

"ஐயா காலத்துல ஒரு சாவி தொலைஞ்சதில்ல மேடம்" என்றார் துணை அதிகாரி. "டோக்கன் முறையைக் கொண்டுவந்ததே அவர்தான். ரிட்டயர் ஆகும்போதுகூட, பரிசு எதுவும் வேண்டாம், இருபத்திரண்டு வருஷமா என் பையில கிடந்த டோக்கன் போதும்னு வாங்கிட்டுப் போனாரு. அப்படி மனுஷன்."

ஐயா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐயா என்றால் முன்னாள் தலைமை அதிகாரி. அவரை அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை, பொறுப்பை ஏற்றுக்கொண்ட அன்று. ஆனால் அவர் பெருமையைக் கேட்காமல் ஒரு நாள் விடிந்ததில்லை. விடுமுறைப் பட்டியல் போட்டால், ஐயா இப்படிப் போடமாட்டார். மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தால், ஐயா வாங்கின கோட்டு இன்னும் கிழியவில்லை. பொறாமைதான், வேறென்ன? நாகரிகமாக வேறு பெயர் தேடுவதில் பயனில்லை. அந்த டோக்கன் கதையை அவள் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ரெஜிஸ்டரைப் புரட்டினாள்.

காலை 10.05.

வந்து போனவர்கள் ரெஜிஸ்டரில் ஒரே ஒரு பெயர், எலக்ட்ரீஷியன். உள்ளே 6.50, வெளியே 6.55.

"எதுக்கு வந்தீங்க?" என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"டிரான்ஸ்பார்மர் ரூம் சாவிக்கு."

"ஏழாம் கொக்கியில என்ன இருந்துச்சு?"

"சாவிதான். பச்சை ரிப்பன் கட்டினது. பக்கத்துக் கொக்கிதானே நமக்கு, கண்ணுல பட்டுச்சு."

"யார் எடுத்துக் குடுத்தது?"

"ரேடியோ அண்ணன். அவரு பேசி முடிக்கறதுக்குள்ள அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு."

அப்படியானால் 6.55க்கும் 9.10க்கும் நடுவில் போயிருக்கிறது. எட்டரைக்கு அவள் வரும்வரை அறையில் இருந்தது ரேடியோ மட்டும். வளாகத்தில் நானூறு கேமரா உண்டு. அவற்றையெல்லாம் பார்க்கும் அறைக்குள் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. வாசலிலும் இல்லை. அவள் எழுதிக் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது.

காலை 10.20.

"இடத்தை விட்டு எழுந்தீங்களா, ரேடியோ?"

"இல்ல மேடம்."

"யாராவது வந்தாங்களா?"

"வெளியாள் யாரும் வரல மேடம்."

"டீ குடிச்சீங்களா?"

"ஒரு வாய். பின்னாடி ரூம்ல கெட்டில் இருக்குல்ல."

அவள் பின்னறைக்குப் போனாள். தொட்டியோரம் இரண்டு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. இரண்டின் அடியிலும் ஈரம். துணை அதிகாரி வயிற்றுப் புண்காரர், டீயைத் தொடமாட்டார்.

ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். துணை அதிகாரிதான் என்று ஆசையோடு நினைத்து வைத்திருந்தாள். அது நழுவிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து ஏழாம் கொக்கியிலிருந்து டோக்கனைக் கழற்றி மேசை விளக்கின் கீழே வைத்தாள். பக்கத்தில் துணை அதிகாரியின் எண் இரண்டை வைத்தாள். போன மாதம் சேர்ந்த காவலர் ஒருவரைக் கூப்பிட்டு அவருடைய டோக்கனையும் வாங்கி வைத்தாள். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, இத்தனை நேரம் எங்கே போயிருந்தது என் புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

11.40க்குக் கணவன் போன் செய்தார். "உன் சட்டைப் பையில ஒரு பித்தளை வட்டம் இருக்கு. பளபளன்னு, தங்கம் மாதிரி. இதைத்தானே கேட்ட?"

"அதேதான். பத்திரமா வைங்க" என்றாள்.

பகல் 12.00.

"ஐயாவை வரச் சொல்லுங்க" என்றாள். துணை அதிகாரிக்கு உள்ளூர மகிழ்ச்சி, மேடம் தன்னால் முடியாமல் ஐயாவிடம் போய் நிற்கிறாள் என்று. ஐயா வீடு பின் கேட்டுக்கு எதிரில். பத்து நிமிஷத்தில் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். தனக்கு இவர்கள் இப்படி எழுந்ததுண்டா என்று யோசித்து அவளுக்கு வயிறு எரிந்தது.

"என்னம்மா, ஏதோ சாவி காணோமாமே?"

"உக்காருங்க, ஐயா. சாவியை எடுத்தது யாருன்னு தெரியும். உங்க முன்னாடி சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

மேசையில் மூன்று டோக்கன்களும் இருந்தன.

"ஏழாம் கொக்கியில ஒண்ணாம் நம்பர் தொங்குச்சு. ஒண்ணுன்னா நான்னு எல்லாரும் நினைச்சாங்க, நானும்தான். ஆனா என் டோக்கனுக்கு ஆறு மாசம்தான் வயசு. இது எண் இரண்டு, இருபது வருஷத்துப் பழசு. ஓரம் மழுங்கி, கொக்கியில மாட்டி மாட்டி ஓட்டை ஒரு பக்கம் இழுத்திருக்கு. இது போன மாசம் அடிச்சது, விளிம்பு கையைக் கிழிக்குது. கொக்கியில இருந்தது இந்த இரண்டாம் நம்பரோட கூடப் பிறந்தது மாதிரி இருக்கு. ஒண்ணாம் நம்பர்ல பழசு ஒண்ணே ஒண்ணுதான். அதைப் பரிசா வாங்கிட்டுப் போனவர் ஒருத்தர்தான். அந்தக் கதையை எனக்குத் தினமும் சொல்றாங்க. நான்தான் காதைப் பொத்திக்கிட்டேன்."

அவள் ரேடியோவின் பக்கம் திரும்பினாள்.

"ரேடியோ, காலைல யாருக்கு டீ போட்டீங்க?"

ரேடியோ தரையைப் பார்த்தார். "ஐயா தினமும் வாக்கிங் முடிச்சு ஏழரைக்கு வருவாரு மேடம். ஒரு டீ குடிச்சிட்டுப் போவாரு."

"ரெஜிஸ்டர்ல ஏன் எழுதல?"

"ஐயாவையா? அவரு வெளியாளா மேடம்?"

ஐயா சிரிக்கப் பார்த்தார். "அம்மா, சாவியைத் திருடறவன் தன் டோக்கனையே மாட்டிட்டுப் போவானா? அது என் வீட்டுச் சாவி வளையத்துல இருக்கு." சட்டைப் பையிலிருந்து வளையத்தை எடுத்துக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. வளையத்தில் வீட்டுச் சாவி இருந்தது, பச்சை ரிப்பன் கட்டிய சாவி இருந்தது. டோக்கன் இல்லை.

"சாவியைக் காலைல போட்டிருந்த சட்டைப் பையிலதானே வச்சேன்... டோக்கனை நான் மாட்டலையே" என்றார், மெதுவாக.

"நீங்க மாட்டல ஐயா. உங்க கை மாட்டுச்சு. இருபத்திரண்டு வருஷமா டோக்கனை மாட்டாம அது ஒரு சாவியைக்கூட எடுத்ததில்ல."

அவர் பச்சை ரிப்பன் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார். 

"நாலு மணிக்குக் கணக்கெடுப்புன்னு தெரியும். அது முடிஞ்சதும் எங்கயோ கிடந்துச்சுன்னு கொண்டுவந்து குடுத்திருப்பேன். யாருக்கும் ஆபத்து வரவிட்டிருக்க மாட்டேன்."

"என் வேலை மட்டும் போயிருக்கும்."

"ஆமா."

"நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"என்ன பண்ணலை?" என்றார் ஐயா. "தினமும் டீ குடிக்க வரேன். உக்கார்ந்த உடனே ஆரம்பிச்சிடுறாங்க. மேடம் ஷிப்ட் போட்டா பிசிறு இருக்காது. மேடம் மழைக்கோட்டு வாங்கிக் குடுத்தாங்க, ஐயா உங்களுக்குத் தோணவே இல்லையே. மேடம் மாதிரி யாரும் எங்க பிள்ளைங்க படிப்பைப் பத்திக் கேட்டதில்ல. ஆறு மாசமா இதே பாட்டு. இருபத்திரண்டு வருஷம் நான் என்ன புல்லா புடுங்கினேன்? எனக்கு வயிறு எரிஞ்சுதும்மா."

அவள் தலையைத் திருப்பித் துணை அதிகாரியைப் பார்த்தாள். அவர் நானூறு கேமராவையும் ஒரே நேரத்தில் கவனிக்க ஆரம்பித்திருந்தார். ரேடியோ வாக்கிடாக்கியின் பித்தானைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயாவைப் பார்த்தால் அவளைப் புகழ்வது, அவளைப் பார்த்தால் ஐயாவைப் புகழ்வது. ஆறு மாதம் இரண்டு பேரையும் வறுத்தெடுத்திருக்கிறார்கள், அதுவும் மனசார.

மாலை 4.00.

பதிவாளர் நாற்பத்தெட்டுச் சாவிகளையும் எண்ணினார். அவள் எதையும் மறைக்கவில்லை, நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். மறைத்தால் அந்தப் பலகைக்கே அர்த்தம் இல்லை. அவளுடைய உத்தரவில் அவர் கையெழுத்துப் போட்டார். ஐயா இனி வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்ற உத்தரவில் அவள் கையெழுத்துப் போட்டாள். இடத்தை விட்டு எழுந்ததற்கு ரேடியோவுக்கு ஒரு மெமோ.

ஐயா உத்தரவைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "நானா இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலை 5.15.

எல்லாரும் கலைந்த பிறகு அவள் ரேடியோவின் பக்கத்தில் போய் நின்றாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"மழைக்கோட்டு, ஷிப்ட் தவிர, என்னைப் பத்தி அவர்கிட்ட வேற என்ன சொன்னீங்க?"

ரேடியோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெமோ அவர் முழங்கைக்கு அடியில் கிடந்தது.

"அதையெல்லாம் உங்க முகத்துக்கு நேரா எப்படி மேடம் சொல்றது? அவர்கிட்டதான் கேட்டுக்கணும்."

கேட்கலாம்தான். அவள் பின் கேட்டுக் காவலரைக் கூப்பிட்டு, ஐயா வெளியே போய்விட்டாரா என்று விசாரித்தாள். போய்விட்டார், கேட்டைப் பூட்டியாயிற்று என்று பதில் வந்தது.