எல்லா மானியிலும் 118

மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்த ரொசாரியோ, தூக்குவாளியை ஆய்வகத்தின் கைகழுவும் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, "எங்க வைக்கச் சொன்ன?" என்று மனைவியைக் கேட்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்ன செய்யுது உங்களுக்கு?" என்றாள் பெனடிக்டா. பதினெட்டு வருடமாக இரத்தம் சோதிப்பவள். சர்க்கரை இறங்கிய முகம் அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல. வெயிலு." மணிக்கட்டை நீட்டிக் காட்டினான். பச்சை எழுத்தில் 118.

நாற்பது தாண்டினாலே சர்க்கரை நோய் என்று ஆகிவிட்ட தூத்துக்குடியில், அவனுக்கும் அவளுக்கும் ஊரில் பாதிப் பேருக்கும் தோலடிமானி உண்டு. அது சர்க்கரையை அளக்கும். கூடவே தோலுக்கடியில் இருக்கும் ஊட்டி, வேண்டிய இன்சுலினைச் செலுத்தி 118-இல் நிறுத்தும். முன்பெல்லாம் ஒரு கருவி 140 என்னும், இன்னொன்று 190 என்னும். ஜனங்களும் மூன்று ஆய்வகம் ஏறி இறங்கி, பிடித்த எண்ணை மட்டும் நம்பிக்கொண்டு பிரியாணிக் கடைக்குப் போவார்கள். அந்தக் கூத்தை ஒழிக்கத்தான் இணக்கக் கோபுரம் என்ற கணினி மையம் வந்தது. நாடு முழுக்க உள்ள எல்லா மானிகளையும் ஆய்வக இயந்திரங்களையும் தினமும் ஒப்பிட்டு, விலகி நிற்பதைக் கூட்டத்தோடு சேர்த்துவிடும்.

பெனடிக்டா அவன் விரலைக் குத்தி விரல்மானியில் பார்த்தாள். 118. ஊசியில் இரத்தம் எடுத்துப் பெரிய இயந்திரத்தில் வைத்தாள். 118.

"பாத்தியா, மூணும் ஒண்ணுதான்" என்று சிரித்தவன், நாற்காலி இருப்பதாக நினைத்துத் தரையில் உட்கார்ந்தான்.

குளிர்பெட்டியில் சோதனைக் கரைசல் இருந்தது. அளந்து கலந்த சர்க்கரைத் தண்ணீர், குப்பியின் மேல் 50 என்று அச்சிட்டிருக்கும். ஒரு காலத்தில் தினமும் அதை இயந்திரத்துக்குக் கொடுத்து, 50 வந்த பிறகுதான் கதவைத் திறப்பாள். கோபுரம் வந்ததும், எல்லாம்தான் ஒத்துப்போகிறதே என்று விட்டுவிட்டாள். சோம்பல்தான், வேறென்ன.

கரைசலை இயந்திரத்தில் ஊற்றினாள். 118.

இரண்டு மாதத்துக்கும் மேலாக, நாளுக்கு ஒரு புள்ளி என்று எல்லா மானிகளும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. 118 காட்டும் ஒவ்வொரு உடம்பிலும் இருப்பது 50, மயங்கிச் சரியும் அளவு.

தேநீருக்கு வைத்திருந்த டப்பாவைத் தட்டி, மிச்சமிருந்த சர்க்கரையைக் கரைத்து அவனுக்குப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் அவன் கண்கள் தெளிந்தன. மணிக்கட்டிலோ 210 என்று சிவப்பு. ஏறியதை இறக்க ஊட்டி உர்ரென்று வேலையைத் தொடங்கியது. அவள் யோசிக்கவில்லை. சிறு கத்தியால் தோலைக் கீறி ஊட்டியைப் பிடுங்கினாள். அவன் அலறினான். வலி தெரிகிறதே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

கோபுரத்தை அழைத்தாள். "என் குப்பியில இருக்கது அம்பது. உங்க மானி நூத்திப் பதினெட்டு காட்டுது. எல்லா ஊட்டியையும் நிறுத்துங்க."

"நான்கு கோடி மானிகள் ஒத்துப்போகின்றன, அம்மா" என்றது கோபுரம், பணிவாக. "குப்பி ஒன்றுதான் விலகியிருக்கிறது. அதன் அளவு 118 எனத் திருத்தப்பட்டது. நன்றி."

தெருவில் ஒரு ஆட்டோவின் ஹாரன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"பெனி, உனக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?" என்றான் ரொசாரியோ.

"பயமா இருக்கு, அதான்." சொல்லிக்கொண்டே தன் மணிக்கட்டைப் பார்த்தாள். 118. சர்க்கரை டப்பா காலியாகக் கிடந்தது. ஊட்டியை உடனே எடுக்க வேண்டும் என்று மட்டும் புரிந்தது.

"கத்திய எங்க வச்சேன்?" என்று கேட்டாள்.

கத்தி அவள் கையில்தான் இருந்தது.