உவர்க்கோடு நகர்ந்த வருடம்

நெய்தல்மேட்டில் காலையில் குழாயைத் திறப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பார்ப்பதில்லை. குழாயின் கழுத்தில் எரியும் உப்புமானியைத்தான் பார்ப்பார்கள். பச்சை என்றால் குடிக்கலாம். மஞ்சள் என்றால் துவைக்கலாம், குளிக்கலாம். சபுராவின் வீட்டில் அன்றும் மஞ்சள்தான். குடிதண்ணீர்ப் படகு வந்து குடங்களை நிரப்பிவிட்டுப் போனது.

படகு போன கையோடு சுகாதார நிலையத்திலிருந்து செய்தி வந்தது. அவள் கருவுற்றிருப்பது உறுதி. இந்த வாரமே உவர்க்கோட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

நண்டுக்கூண்டுகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் யூனுஸ், கூண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அது மெல்ல அடங்கியது.

“நீயும் போயிருவல்ல புள்ள?”

“போய்த்தானே ஆகணும் மச்சான்.”

கடல் நிலத்தடியில் ஏறிவந்த பிறகு பிறந்த சட்டம் அது. படகுத் தண்ணீர் தீர்ந்த நாட்களில் குடித்த உப்பேறிய தண்ணீர் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தை ஏற்றியது, கருக்கள் கலைந்தன. அதனால் கருவுற்றவள், நிலத்தடியில் உப்பு எட்டிய எல்லையான உவர்க்கோட்டுக்கு மேற்கே போய்விட வேண்டும். பிள்ளை பால் மறந்த பிறகே திரும்பலாம். பலர் திரும்பவில்லை. கோடு ஆண்டுக்காண்டு மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது.

கடலோரச் செலுத்துகிணறுகளின் பொறியாளர் சபுரா. மழைநீரை மணலில் வடிகட்டி, பூமிக்குள் அழுத்தி, கடலைத் தடுக்கும் கிணறுகள் அவை. அவற்றுக்குக் கிடைத்ததோ ஊர்க்கூரைகளின் மழை மட்டும். ஆற்றுவெள்ளம் முழுக்க மேற்கே ஏரியில் தேங்கியது. மூட்டை கட்டிக்கொண்டு போனவள், நேரே ஏரி ஆணையர் கலியமூர்த்தியின் அலுவலகத்தில் போய் இறங்கினாள்.

“இந்த வருஷ வெள்ளத்துல பாதிய எங்க கிணறுகளுக்குத் திருப்பி விடுங்க சார்.”

“குடிக்கிற தண்ணிய மண்ணுல ஊத்தச் சொல்றீங்களேம்மா. கோடையில ஏரி கொறஞ்சா ஜனங்க என்னையத்தான் கேப்பாங்க.”

“ஏரியில நிக்கிறத வெயில் குடிச்சிரும். மண்ணுக்கடியில வெயில் எட்டாது. கீழ நல்ல தண்ணி ஒரு அடி ஒசந்தா உப்பு நாப்பது அடி எறங்கும். உங்களுக்குத் தெரியாத கணக்கா?”

“கணக்கு தெரியும். உப்பு அசையலன்னா?”

“நீங்க தரலன்னா அது கண்டிப்பா அசையும் சார், உங்க பக்கமா. உங்க கிழக்குக்கரைக் கெணறு இப்பவே மஞ்சளாயிருச்சே.”

கலியமூர்த்தி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தபடி நின்றார். வெளியே மழை கொட்டியது. அன்று மாலையே மதகுகள் கிழக்கே திறந்தன.

கோடையில், அவள் தங்கியிருந்த ஏரியூரில் தண்ணீர் முறை வைத்துத்தான் வந்தது. குழாயடியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற சபுராவிடம், பக்கத்து வீட்டு அமிர்தவல்லி வெடுக்கென்று கேட்டாள்: “எங்க தண்ணிய உங்க ஊர் மண்ணுல ஊத்திட்டு, இங்க வந்து குடம் பிடிக்கிறியா?”

“எனக்கும் தாகந்தான்க்கா. ஆனா வீணாப் போகலன்னு எனக்குத் தெரியும்.”

அறைக்குத் திரும்பியதும் கைத்திரையில் கடலோரக் கிணறுகளின் அளவுகளைப் பார்த்தாள். நன்னீர்மட்டம் விரல் விரலாக உயர்ந்துகொண்டிருந்தது. கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. இனி அது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் ஏரியூரின் கிழக்குக்கரைக் கிணறு பச்சையானது. அன்று அமிர்தவல்லி தானே வந்து சபுராவின் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன்பின் கோடு கிழக்கே வயல்களைத் தாண்டியது, சாலையைத் தாண்டியது. ஒருநாள் யூனுஸ் கூப்பிட்டான்.

“நம்ம தெருக் கொழாயில பச்சை எரியுது புள்ள!”

“மானி கெட்டுப் போயிருக்கும். வேற மானி வச்சுப் பாருங்க.”

“பாத்தாச்சு. குடிச்சும் பாத்தாச்சு. பொறப்பட்டு வா!”

ஆய்வுக்கூடமும் உறுதி செய்தபின் கலியமூர்த்தி உவர்க்கோட்டைக் கடற்கரைக்கு மாற்றி ஆணையிட்டார். நிறைமாத வயிற்றோடு சபுரா வீடு வந்து சேர்ந்தாள்.

சில நாள் கழித்து, படகுகள் கடலுக்குக் கிளம்பிய நேரத்தில், அவர்கள் வீட்டிலிருந்து வீறிட்டு ஓர் அழுகுரல் எழுந்தது. நெய்தல்மேட்டில் பிள்ளைகள் நடக்கத் தெரிந்துதான் ஊருக்குள் வருவார்கள். இந்தக் குரலை அந்தத் தெரு மறந்தே போயிருந்தது. துறையில் ஒருவர் படகின் மோட்டாரை அணைத்தார். அதைப் பார்த்து அடுத்தவரும் அணைத்தார். துறை முழுவதும் அடங்கியபின், அந்த அழுகை மட்டும் தெளிவாகக் கேட்டது.