பறியில் விழுந்த முதல் இறால்

“…அதுக்குன்னு மோந்து பாப்பீங்களா? ஏரித் தண்ணி இன்னா சாம்பாரா, அண்ணா?”

“அண்ணா மட்டும் வேணாமே…”

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசியாவரம் கரையோரம் ஏரி நீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்துகொண்டிருந்தான் அவன். பெயர் சிவகுமாராம், காட்டூரில் நெல் விவசாயமாம். தூறலில் நனைந்த நெற்றி, தூக்கமில்லாத கண்கள்… ஓர் ஆணுக்கு இவ்வளவு நீள இமையா!

புயல் வெள்ளம் வடிந்து பத்து நாளாகியும் ஏரி கறுத்தே கிடந்தது. செத்து மிதந்த இறாலை நினைத்தால் இன்னும் வயிறு எரியும். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீரில் அமர்ந்து இரு கையாலும் சேற்றைத் தடவினாள். பறி வாயில் இருந்தால் பேச முடியாது. அந்த நேரம் பார்த்து அவன் சொன்னான்:

“நாத்தைக் காப்பாத்த வரப்பை வெட்டி வயல் தண்ணியை ஏரிக்கு விட்டேங்க. பூச்சிமருந்தடிச்சு ரெண்டே நாள்… உங்க எறா செத்ததுல எனக்கும் பங்கிருக்கு.”

பறி நீரில் விழுந்தது.

“வாய் கட்டியிருக்கறப்ப பாத்து சொல்றியா? போய்யா!”

போனான். மறுநாள் வந்தான். வெள்ளம் கொண்டுவந்த ஆகாயத்தாமரையையும் மருந்து டப்பாக்களையும் தினமும் கரையேற்றினான். “தங்கமான புள்ள!” என்று டீ வாங்கிக் கொடுத்தார் அவள் நைனா குப்பன். கையோடு, “வயல் தண்ணிய வுட்டவன் மட்டும் கெடைக்கட்டும்…” என்று பல்லையும் கடித்தார்.

செவ்வந்தி காட்டிக்கொடுக்கவில்லை. அவனிடம் பேசவும் இல்லை. ஆனால் அவன் வரத் தாமதமானால் படகுத்துறையையே பார்த்தன அவள் கண்கள். சீ, மானங்கெட்ட கண்கள்!

மூன்றாம் வாரம் முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறியது. நீர் தெளிந்தது, உதட்டில் உப்புக் கரித்தது. விரலுக்கடியில் ஏதோ துள்ள… இறால்! பறிக்குள் போட்டாள். நைனாவைக் கூப்பிடத்தான் வாய் திறந்தாள். வந்ததோ…

“சிவா!”

ஓடிவந்தவன் வழுக்கி, அவள் எதிரே தொப்பென்று உட்கார்ந்தான். பறிக்குள் எட்டிப் பார்த்த கண்கள் கலங்கின.

“இனிமே இங்க வர எனக்குச் சாக்கே இல்லையே…”

“டப்பா பொறுக்கத்தான் வந்தியா?”

“மொதல்ல அதுக்குத்தான். அப்புறம்… உன்னைப் பாக்க.”

அவள் கன்னம் சுட்டது. கரையில் நைனா வலையை உதறிக்கொண்டிருந்தார்.

“எனக்கும்தான் உன்னைப் பாக்கணும்…” என்றாள், நீரைப் பார்த்தபடி. “ஆனா நைனாகிட்ட வரப்பு வெட்டுனதையும் சொல்லு, என்னைப் புடிச்சிருக்குன்னும் சொல்லு. இப்பவே வந்து சொல்றியா?”