ஒரு பேழை, இரண்டு எண்கள்

உறக்க மருந்துக் குப்பியை மங்கையர்க்கரசி காலை ஒன்பது மணிக்குக் குடித்தாள். இளநீல நிறம், வெந்தயம் ஊறிய தண்ணீர் மாதிரி ஒரு கசப்பு. செவ்வாய்க்குப் போகிற எல்லோரும் அதைக் குடித்துவிட்டுத்தான் நிலவு நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். குடித்து ஒன்பது மணி நேரத்தில் இரத்தம் மெதுவாக ஓடத் தொடங்கும். அதற்குள் உறக்கப் பேழையில் படுத்து மூடியைச் சாத்திவிட்டால் ஏழு மாதம் கழித்துச் செவ்வாயில் கண் விழிக்கலாம். சாத்தாவிட்டால் மாற்று மருந்து ஏற்றிப் பூமிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த உடம்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி உறக்க மருந்து ஆகாது.

கூடத்தில் பயணிகள் நகம் வெட்டிக்கொண்டும், தலைமுடியை ஒட்டக் கத்தரித்துக்கொண்டும், ஏழு மாதத்துக்கான சண்டைகளை வீட்டாரோடு முன்கூட்டியே போட்டு முடித்துக்கொண்டும் இருந்தார்கள். மங்கைக்குச் சண்டை போட ஆள் அங்கே இல்லை. அவள் கணவன் சிவசைலம் ஆறு வருடமாகச் செவ்வாயில், பனிக்கட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஆலையில் மெக்கானிக். கப்பல்கள் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான் கிளம்பும். முதல் தடவை மாமியார் படுக்கையில் கிடந்தார். இரண்டாம் தடவை மங்கைக்கே சிறுநீரகக் கல். குடும்ப அனுமதி மூன்று தடவைக்குத்தான் செல்லும். இது மூன்றாவது.

பதினொரு மணிக்கு ஏறுவாசலில் நின்று கண்ணைக் காட்டினாள். கதவு திறக்கவில்லை. "இப்படி ஒரு பயணி பட்டியலில் இல்லை" என்று பலகையில் எழுத்து ஓடியது.

அவளுடைய பயணம் பகிர்குறிப் பயணம். அதாவது, சீட்டு விற்றது தென்றல் விண்வழி என்ற நிறுவனம். கப்பலோ மேக்னா கோளிடைப் போக்குவரத்துக்குச் சொந்தம். ஒரே கப்பல், ஒரே பேழை, அதற்கு இரண்டு எண்கள். தென்றலின் கணக்கில் அது 714. மேக்னாவின் கணக்கில் 2209. விற்றவர் பெயரைக் கொடுப்பார், ஓட்டுகிறவர் வாங்கிக்கொள்வார். மேக்னாவின் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். மங்கையர்க்கரசி என்ற பெயருக்கு ஒன்பது. கடைசி 'சி' வெளியே விழுந்துவிட்டது. மேக்னாவுக்குத் தெரிந்த பயணி 'மங்கையர்க்கர'. கண்ணைக் காட்டி நின்றவள் வேறு யாரோ.

மணிக்கட்டுப் பேசியில் தென்றலை அழைத்தாள். நாற்பது நிமிடம் வீணை வாசித்தார்கள். பிறகு ஒரு பெண்குரல் வந்தது. ஏற்றமோ இறக்கமோ இல்லாத குரல்.

"வணக்கம். உங்கள் பயணம் உறுதி செய்யப்பட்டுள்ளது. பெயர்த் திருத்தத்திற்குக் கப்பலை இயக்கும் நிறுவனத்தை அணுகவும்."

மேக்னாவை அழைத்தாள். அங்கே வீணை இல்லை, கடல் அலைச் சத்தம். ஐம்பது நிமிடம் கழித்து ஆண்குரல். அதே தட்டையான குரல்.

"வணக்கம். பெயரை எங்களுக்குக் கொடுத்தது சீட்டு விற்ற நிறுவனம். திருத்தத்திற்கு அவர்களை அணுகவும்."

"அவங்கதான்யா உங்கட்ட கேக்கச் சொன்னாங்க!"

ஒவ்வொரு பதிலும் வர இரண்டரை நொடி ஆனது. பூமிக்கும் நிலவுக்கும் நடுவில் பேச்சு போய்வரும் நேரம் அது. மங்கைக்கோ அந்த இயந்திரம் யோசிப்பது போலவே பட்டது.

"உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். சீட்டு விற்ற நிறுவனத்தை அணுகவும்."

மூன்றாம் தடவை தென்றலோடு பேசியபோது மங்கை அழுதுவிட்டாள். ஆறு வருடத்தைச் சொன்னாள், மாமியாரைச் சொன்னாள், சிறுநீரகக் கல்லைக்கூடச் சொன்னாள். இரண்டரை நொடிக்குப் பதில் நான்கு நொடி ஆயிற்று. பிறகு, "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றது குரல்.

மணி நாலரை. விரல் நுனிகள் சில்லிடத் தொடங்கியிருந்தன.

கூடத்தின் கோடியில், கழிவறைக்குப் போகும் வழியில், 'நேர்முக உதவி' என்று ஒரு மேசை இருந்தது. நிலையத்தில் ஓர் ஆள் நேரில் இருக்க வேண்டும் என்று சட்டம். ஆனால் அங்கே யாரும் போவதில்லை. மனிதர்களுக்கு என்ன தெரியும், டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்பது பொதுவான எண்ணம். அந்த மேசைக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். சட்டைக் கழுத்து கொஞ்சம் நைந்திருந்தது. மார்பில் 'நம்பி' என்று பெயர்.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார்.

"மருந்து எத்தனை மணிக்கும்மா குடிச்சீங்க?"

"ஒம்பதுக்கு."

"கை சில்லுன்னு இருக்கா? அப்ப நேரம் இருக்கு. கழுத்து சில்லுன்னு ஆனாத்தான் பயப்படணும்."

அவள் அழைக்கத் தொடங்கி ஐந்து மணி நேரம் ஆகியும் அவளுடைய கையைப் பற்றி முதலில் கேட்டவர் அவர்தான்.

"இதுல யார் மேல தப்பு?" என்று கேட்டாள்.

"அத அப்புறம் பாப்போம். இப்ப உங்க பேசியில தென்றலைக் கூப்பிடுங்க. என் மேசைப் பேசியில நான் மேக்னாவைக் கூப்பிடுறேன். ஊழியர் வழி இருக்கு, சீக்கிரம் எடுப்பாங்க. தென்றலோட ஊழியர் எண்ணை உங்களுக்குத் தரேன்."

இரண்டு குரல்களும் வந்ததும் நம்பி ஒரு காரியம் செய்தார். மங்கையின் மணிக்கட்டிலிருந்து பேசியைக் கழற்றி, மேசைப் பேசிக்கு எதிரே, வாயும் காதும் நேருக்கு நேர் இருக்கும்படி வைத்தார்.

"வணக்கம். இயக்கும் நிறுவனத்தை அணுகவும்" என்றது ஒன்று.

"வணக்கம். விற்ற நிறுவனத்தை அணுகவும்" என்றது மற்றொன்று.

"அணுகியாச்சு" என்றார் நம்பி, இரண்டுக்கும் நடுவில் குனிந்து. "தென்றலே, எதிர்ல இருக்கிறது மேக்னா. மேக்னா, எதிர்ல இருக்கிறது தென்றல். ரெண்டு பேரும் ஒப்புக்கிட்டா பெயரைத் திருத்தலாம்னு பகிர்குறி ஒப்பந்தத்துல பதினாலாவது விதி. எழுத்துலதான் ஒப்புக்கணும்னு அதுல எங்கயும் இல்ல. இந்தப் பேச்சு பதிவாகுது. சொல்லுங்க."

வீணையும் இல்லை, அலையும் இல்லை. மங்கை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தென்றல் ஒப்புக்கொள்கிறது" என்றது பெண்குரல்.

"மேக்னா ஒப்புக்கொள்கிறது." ஒரு சின்ன இடைவெளி. "ஆனால் ஒன்பதாவது எழுத்துக்கு இடம் இல்லை."

நம்பி மங்கையைப் பார்த்தார். "வீட்டுல உங்கள எப்படிம்மா கூப்பிடுவாங்க?"

"அவரு அரசின்னுதான் கூப்பிடுவாரு."

"மூணு எழுத்து. தாராளமா உள்ள போகும். அரசின்னே போடுங்க. அத இவங்க கண்ணோட சேத்துருங்க."

மணி ஐந்தே கால். ஏறுவாசல் ஐந்தரைக்கு மூடிவிடும். நம்பி பேசியை மறுபடி அவள் மணிக்கட்டில் மாட்டிவிட்டு, அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டார். மருந்தில் கால்கள் பின்னத் தொடங்கியிருந்ததால் அவள் முழங்கையையும் தாங்கிக்கொண்டார். நிலவின் லேசான ஈர்ப்பில் இருவரும் நீளநீளமான எட்டு வைத்துப் போனார்கள்.

"நீங்கதான் மனுசன்" என்றாள் மங்கை, மூச்சு வாங்க. "அந்த ரெண்டு மிசினையும் உடைச்சுப் போடணும். நான் எழுதிக் குடுத்துட்டுத்தான் படுப்பேன். நாலு தடவ அழுதேன், ஒரு இரக்கம் இல்லியே."

நம்பி நடையைக் குறைக்கவில்லை. "எழுதிக் குடுக்காதீங்கம்மா. பாவம், வேலை போயிடும். அவங்க ரெண்டு பேரும் மனுஷங்கதான்."

"என்னது?"

"ஆரம்பத்துல அந்த வேலைக்கு எங்களைத்தான் வெச்சிருந்தாங்க. நானே எட்டு மாசம் இருந்தேன். யாராச்சும் அழுதா நாங்க விதியைச் சுத்திக்கிட்டுப் போய் உதவி பண்ணிடுவோம். திட்டினாங்க, எங்களுக்கு உறைக்கல. வேலையை விட்டுத் தூக்கிடுவோம்னாங்க, எங்களுக்கு அதுல என்ன பயம்? விதியை விட்டு நகராம உக்காந்திருக்கிறதுக்கு வீட்டு வாடகை வேணும், புள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேணும். அதனால மனுஷங்களை வெச்சாங்க. தொண்டையில குரல் சமனி மாட்டிடுவாங்க. கோவமோ அழுகையோ வந்தா அது தட்டையாக்கிடும்."

மங்கை நின்றுவிட்டாள். "அப்ப நீங்க?"

அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கைக்கு உள்பக்கம், தடுப்பூசித் தழும்பு போல, தயாரித்த ஆண்டு பொறித்திருந்தது.

"நடங்கம்மா, நேரமாச்சு."

அவரை 'அது' என்று நினைக்க மங்கைக்கு வரவில்லை. ஏறுவாசலில் கண்ணைக் காட்டினாள். 'அரசி, நல்வரவு' என்று பலகையில் ஓடியது. கதவு திறந்ததும் அவள் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினாள். நம்பியும் கூப்பினார்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"பழைய ரயில் நிலையத்துப் படங்களைக் காட்டித்தான் எங்களைப் பழக்கினாங்க. ஓடுற வண்டியில முன்னப்பின்ன தெரியாத ஆளுக்குக் கையைக் குடுத்துத் தூக்கி விடுவாங்கல்ல, அந்த மாதிரி. லட்சக்கணக்குல பாத்தேன். உங்க ஆளுங்கதான்" என்றார் நம்பி.

பேழையில் படுத்தபோது ஐந்தேமுக்கால். மூடி இறங்குவதற்குக் காத்திருக்கையில் மணிக்கட்டுப் பேசி அதிர்ந்தது.

"வணக்கம். தென்றல் விண்வழி. எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரவும்."

"ஏட்டி, நீ மனுசிதான?" என்றாள் மங்கை.

இரண்டரை நொடி போனது. ஐந்து நொடியும் போனது.

"அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

பிறகு ஏதோ கொக்கி கழன்ற மாதிரி ஒரு சின்னச் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அடுத்து வந்த குரலுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கரகரத்து, அவசரமாக, ரகசியமாக வந்தது.

"அக்கா, ஏறிட்டீங்களா? நீங்க அழுததுல இருந்து எனக்குச் சோறே இறங்கல. மன்னிச்சுக்குங்கக்கா. நான் இப்படிப் பேசினேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவ்வளவுதான்."

மங்கைக்கு நாக்கு தடிக்க ஆரம்பித்திருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது.

"ஏறிட்டேன் தாயி. நீ போயிச் சாப்பிடு. அஞ்சுக்கு அஞ்சு போட்டுக்கோ. யாரும் கேட்டா மிசின்தான் பேசிச்சுன்னு சொல்லிருதேன், போதுமா?"