ஏழாம் தொட்டியின் ரசிகர்கள்

செவ்வூரில் கச்சேரிக்குப் போகிறவர்கள் வாசலில் சீட்டைக் காட்டுவதில்லை, ஊதிக் காட்டுவார்கள். ஏழாம் தொட்டியின் வாசலில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வாய் வைத்து ஒரு முழு மூச்சு விட்டால் மூச்சுமானி கணக்குப் போட்டு, அவரவர் மாதப் பங்கிலிருந்து இரண்டு மணி நேரக் காற்றைக் கழித்துக்கொள்ளும். கைக்குழந்தை என்றால் கால் ஆள். பள்ளிப் பிள்ளை அரை ஆள். நூறு வயதைத் தாண்டியவர் முக்கால் ஆள். தாளம் வாசிக்கிறவர் மட்டும் எந்த வயதானாலும் இரண்டரை ஆள், அவர் மூச்சு வாங்குகிற வேகம் அப்படி.

ஆகவே மாதம் ஒரு கச்சேரிக்கு வருவதே பெரிய விஷயம். இரண்டு வாரம் மாடிப்படி ஏறாமல், ஓடாமல், வீட்டில் சண்டைகூடப் போடாமல் மூச்சைச் சேமித்துக்கொண்டு வருவார்கள். வந்தவர்கள் நூற்றுப் பத்துப் பேரும் முதல் தட்டு விழுந்ததிலிருந்து கடைசித் தட்டு வரை கண்கொட்டாமல் கேட்பார்கள். அதில் பெருமை ஏதும் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. கச்சேரிக்குப் போய்விட்டு வேறு என்ன செய்வது?

தொட்டியின் பொறுப்பாளர் சகாயராணி. ஐம்பத்திரண்டு வயது, பகலில் நீரேற்று நிலையப் பொறியாளர். செவ்வாயின் அந்த ஊரில் மூன்று குமிழிகளுக்குள் நாலாயிரம் பேர் வாழ்ந்தார்கள். குமிழியின் தோல் மெல்லியது. எங்கே அதிர்ந்தாலும் கசிவுமானிகள் அதைக் காற்றுக் கசிவு என்று நம்பி எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடும். போன வருஷம் மெஹருன்னிசா என்ற பதினைந்து வயதுப் பெண் சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டியால் சும்மா ஒரு தாளம் போட்டுப் பார்க்க, மூன்றாம் குமிழி நாலு மணி நேரம் அடைந்துகிடந்தது. அன்றைக்கு ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கதவுக்கு இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம். சாப்பாடு மட்டும் நல்லவேளையாக மாப்பிள்ளை பக்கம் இருந்ததாம்.

மேலே இருந்த கேளிக்கைக் கூடங்களில் அதிர்வுத் தடுப்பு உண்டு. ஆனால் அங்கே பாசி மது விற்றார்கள், இருபத்தொரு வயதாகாதவர்கள் உள்ளே கால் வைக்க முடியாது. ஆகப் பிள்ளைகள் சத்தம் போட்டு வாசிக்க செவ்வாய் முழுவதற்கும் ஒரே இடம், முப்பது மீட்டர் ஆழத்தில் வற்றிப்போய்க் கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டி எண் ஏழு. சகாயராணிதான் அதைக் கழுவி, விளக்குப் போட்டு, எல்லா வயதினரும் வரலாம் என்று வாசலில் எழுதிவைத்தார். மெஹருன்னிசாவும் பவித்ரனும் நவீனாவும் சேர்ந்த ‘ஓட்டை உடைசல்’ குழு அங்கேதான் பிறந்தது. ஓட்டை என்ற சொல்லை உரக்கச் சொன்னாலே ஊர் அலறும் இடத்தில் அப்படியொரு பெயர் வைக்கிற துணிச்சல் பதினைந்து வயதில்தான் வரும்.

இப்போது அந்தத் தொட்டிக்கு ஆபத்து. பாசி ஊறுகாய்க்குக் கிடங்கு வேண்டும் என்று ஊராட்சி ஒற்றைக்காலில் நின்றது. கலைக்கூட உரிமம் கிடைத்தால் தொட்டி தப்பும், இல்லையென்றால் ஊறுகாய். உரிமம் தருவதா வேண்டாமா என்று பார்க்கக் கலை ஆணையம் ஓர் இயந்திரத்தை அனுப்பியிருந்தது. அதன் பெயர் ஆய்வி-12. குடைக்கம்பி போல் ஒல்லியாக, நாலு பக்கமும் கண்ணோடு வந்து நின்றது.

“இயல்பான ரசிகர்களைக் கொண்டு இயல்பான நிகழ்ச்சி ஒன்றை நடத்திக் காட்டவும்” என்றது. “இருபத்தோராம் நூற்றாண்டில் பூமியில் நடந்த இசை நிகழ்ச்சிகளின் எண்பதாயிரம் மணி நேரப் பதிவுகளைப் பார்த்துத் தேர்ந்தவன் நான். ரசிகர்கள் எப்படி இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.”

“அப்படின்னா கவலையே இல்ல” என்றார் சகாயராணி. “எங்க ரசிகர்ங்க தங்கமானவங்க.”

அன்று மாலைக் கச்சேரி களைகட்டியது. நவீனாவின் குரல் தொட்டியின் வளைந்த சுவரில் மோதி இரட்டிப்பாகத் திரும்பியது. பழைய தந்திக் கம்பிகளை இழுத்துக் கட்டிய பெட்டியில் பவித்ரன் விளாசினான். எரிபொருள் கலன்களின் மூடிகளை வரிசையாக வைத்து மெஹருன்னிசா தனியாக வாசிக்க ஆரம்பித்தாள். பதினோரு நிமிடம். நூற்றுப் பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் நூற்று மூன்று வயது எத்திராஜ், பக்கத்தில் ஐந்து வயதுப் பொடிசு தாமரை, இரண்டு பேர் வாயும் ஒரே அளவுக்குத் திறந்திருந்தது.

ஆய்வியின் நாலு கண்களும் சிவந்தன. “அவசரம்! அவசரம்! ரசிகர்களுக்கு மூச்சுத் திணறல்!”

யாரும் தடுப்பதற்குள் அது பாய்ந்து அவசரக் காற்று அடைப்பானைத் திறந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு உண்டான காற்று ஒரே நிமிடத்தில் தொட்டிக்குள் குபுகுபுவென்று இறங்கியது. அளந்து அளந்து மூச்சு விட்டே பழகிய ஜனங்களுக்குத் தலை கிறுகிறுத்தது. எத்திராஜ் எழுந்து நின்று ஆடினார். ஊராட்சித் தலைவரின் மனைவி காரணமே இல்லாமல் கெக்கெக்கே என்று சிரித்தார். மெஹருன்னிசா இன்னும் வேகமாக வாசித்தாள். செவ்வூர் வரலாற்றில் அப்படியொரு கச்சேரி நடந்ததில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

மறுநாள் அறிக்கை வந்தது. உரிமம் மறுக்கப்படுகிறது.

“தாள வாத்தியக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் ரசிகர்கள் எழுந்து சிற்றுண்டிக்குப் போகவில்லை” என்று படித்தார் சகாயராணி. “ஒருவர்கூடக் கைபேசியில் பேசவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் நலம் விசாரிக்கவில்லை. பாடகரிடம் வேறு பாட்டுக் கேட்கவில்லை. இத்தனை பேர் இவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததாக எண்பதாயிரம் மணி நேரத்தில் சான்று இல்லை. இவர்கள் மயங்கியிருக்க வேண்டும், அல்லது மிரட்டி உட்கார வைக்கப்பட்டிருக்க வேண்டும். நூற்றுக்கு அறுபது பேராவது கவனிக்காமல் இருந்தால் மட்டுமே அது இயல்பான நிகழ்ச்சி. மூன்று நாளில் மறு ஆய்வு.”

மெஹருன்னிசா மூடிகளின் நடுவே பொத்தென்று உட்கார்ந்தாள். “ராணியக்கா, நான் வாசிக்கிறப்போ எல்லாரும் எந்திரிச்சுப் போணுமா?”

“நூத்துக்கு அறுபது பேர்தான்டா.”

“எத்திராஜ் தாத்தாவுமா?”

எட்டு வயதில் இந்தப் பெண் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ‘இங்க அடிக்கலாமா’ என்று கேட்டது சகாயராணிக்கு நினைவுக்கு வந்தது. “இங்க பாரு மெஹர். அவங்க போனா பத்து நிமிஷத்துல திரும்பி வந்துருவாங்க. தொட்டி போனா வராது.”

“சரிக்கா” என்றாள் மெஹருன்னிசா. பிறகு, “ஆனா அவங்க நிஜமாவே கேக்காம இருக்கக் கூடாது. நடிக்கத்தான் செய்யணும்” என்றாள்.

அன்றே ஒத்திகை ஆரம்பித்தது. வாசிப்பவர்களுக்கு இல்லை, கேட்பவர்களுக்கு. ஆய்வி பெரிய மனதோடு கொடுத்துவிட்டுப் போன பூமிப் பதிவுகளைத் திரையில் ஓடவிட்டு, அதில் ஜனங்கள் செய்வதையெல்லாம் சகாயராணி குறித்துக்கொண்டார். பிறகு ஆளுக்கொரு வேலை கொடுத்தார். நீங்க ரெண்டு பேரும் வீட்டு மனை பத்திப் பேசணும். நீங்க கொட்டாவி. நீங்க பாட்டு முழுக்கக் கைபேசியை உசத்திப் பிடிச்சுப் படம் எடுக்கணும், அப்புறம் அதை வாழ்நாள்ல திறந்தே பார்க்கக் கூடாது.

சொல்வது சுலபம். ஒருவருக்கும் வரவில்லை. நவீனா முதல் வரியை எடுத்ததும் வீட்டு மனைக்காரர்கள் பேச்சை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். சிற்றுண்டிக்கு எழுந்தவர்கள் பாதி வழியில் சிலையாக நின்றார்கள். கொட்டாவிக்காரர் அழுதேவிட்டார். “எப்படிங்க முடியும்? அந்தப் பொண்ணு எதிர்லயே நின்னு பாடுது. கூசுதுங்க” என்றார்.

“கூசினா ஊறுகாய்தான்” என்றார் சகாயராணி. “மறுபடி முதல்லேருந்து.”

மூன்று நாள் தூக்கம் கெட்டு ஒத்திகை பார்த்தார்கள். கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பிடித்துப் பலருக்குத் தோள்பட்டை வீங்கியது. எத்திராஜ் மட்டும் பிறவிக் கலைஞராக இருந்தார். யாரும் கேட்காமலே இருமலில் ஏழு வகை செய்து காட்டினார்.

மறு ஆய்வு நாள். ஆய்வி நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தது. நவீனா பாட ஆரம்பித்ததும் பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. “உங்க மருமக ஊர்லதான் இருக்காளா?” என்று ஒரு குரல். “ஏம்மா, அந்தப் பழைய பாட்டு ஒண்ணு பாடேன்!” என்று இன்னொரு குரல். இடைவெளியில் ஊராட்சித் தலைவரின் மனைவி மேடையருகே போய், மனப்பாடம் செய்ததை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தார்: “நல்லா பாடுற கண்ணு. சரி, படிப்பு என்ன ஆச்சு? இதெல்லாம் சோறு போடுமா?” ஆய்வியின் கண் ஒன்று பச்சையாயிற்று.

மெஹருன்னிசா தனியாக வாசிக்கத் தொடங்கினாள். உடனே அறுபத்தாறு பேர் எழுந்து பாசி போண்டாவுக்குப் போனார்கள். எத்திராஜ் எழவில்லை. கைபேசியைக் காதில் வைத்து, “ஆங், கச்சேரியிலதான் இருக்கேன்... அது கிடக்கு, நீ சொல்லு!” என்று தொட்டி அதிரக் கத்தினார். மறுமுனையில் யாரும் இல்லை. அவருடைய இடது கால் மட்டும் இருக்கைக்கு அடியில் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்ததை மெஹருன்னிசா பார்த்துவிட்டாள். அப்புறம் அவள் வாசித்த வாசிப்பே வேறு.

அங்கேதான் வினை வந்தது. குட்டி தாமரை தன் வேலையை மறந்துவிட்டாள். அழ வேண்டியவள் அழாமல் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, கண்ணை அகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆய்வி மெல்ல அவள் பக்கம் திரும்பியது. ஒரு கண் மஞ்சளாகி, சிவப்பை நோக்கி நகர்ந்தது. அந்த நேரத்தில் தாமரையின் அம்மா சட்டென்று ஒரு கைபேசியில் பொம்மைப் படத்தை ஓடவிட்டு, மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிள்ளையின் தலை மேடையிலிருந்து திரும்பியது.

“இயல்பு” என்றது ஆய்வி. நாலு கண்ணும் பச்சை.

உரிமம் கிடைத்தது. முதல் தரம், பத்து ஆண்டுகளுக்கு. ‘இளம் இசைக் கலைஞர்களை ஊக்குவிக்கும் இயல்பான சூழல்’ என்று சான்றிதழில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது. சகாயராணி மெஹருன்னிசாவைத் தூக்கிச் சுற்றினார், செவ்வாயின் ஈர்ப்பு குறைவு என்பதால் மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றினார். ஒரே ஒரு நிபந்தனை: ஆய்வியின் கண் ஒன்று கூரையில் நிரந்தரமாக இருக்கும். ஒவ்வொரு கச்சேரியிலும் நூற்றுக்கு அறுபது பேர் கேட்காமல் இருக்கிறார்களா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும்.

அப்படித்தான் கேளாதோர் குழு உண்டானது. மாதாமாதம் குலுக்கல் நடக்கும். பெயர் விழுந்தவர்கள் அந்த மாதக் கச்சேரியைப் பிள்ளைகளுக்காகத் தியாகம் செய்ய வேண்டும். சேமித்த மூச்சையெல்லாம் பேச்சிலும் போண்டாவிலும் செலவழித்துவிட்டு, அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போவார்கள். ஊரில் அதைவிடக் கௌரவமான தொண்டு வேறில்லை. ‘ஓட்டை உடைசல்’ குழு ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் கேளாதவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்கும். கேட்டவர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

குலுக்கலில் முதல் முறை பெயர் விழுந்த மாலை, இரண்டு மணி நேரம் ஒரு பாட்டையும் கேட்காமல் முடித்துவிட்டு எத்திராஜ் வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மெஹருன்னிசா ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள்.

“ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா தாத்தா?”

“நாக்குத் தள்ளிப்போச்சு தாயி. ஒரு நாளைக்கே இப்படி.” அவர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். “பூமியில குலுக்கலே கிடையாதாமே? ஒருத்தரும் சொல்லாம, ஊர் மொத்தமும் எல்லாக் கச்சேரியிலயும் கேக்காமலே உக்காந்திருப்பாங்களாம். அந்தப் பிள்ளைங்க மேல அந்த ஜனங்களுக்கு எம்புட்டுப் பாசம் இருந்திருக்கணும்!”