காம்பு கிள்ளிய பூ

திங்கள், காலை ஒன்பது மணி. பனிக்காலம் முழுக்கப் படங்கு போட்டு மூடியிருந்த சுண்ணாம்புக் கற்சிலுவையைத் திறந்தார்கள். பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கூடி வாழும் லா சப்பலின் பங்குக் கோவில் முற்றத்தில் அறுநூறு வருடமாக நிற்கும் சிலுவை. முன்பக்கம் அறையப்பட்ட இயேசு அப்படியே இருந்தார். பின்பக்கம், இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதாவுக்கு முகமே இல்லை. மகனுக்கும் இல்லை.

முற்றத்துச் சாவி கோவிலைத் துப்புரவு பண்ணும் யேசுரட்ணத்திடம் மட்டும்தான். பங்குத்தந்தை அதைப் பிடுங்கிக்கொண்டார். மாலைக்குள் உண்மை வராவிட்டால் போலீஸ், வேலையும் போய்விடும். பாவம் மனுசன், இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

போலீசில் இருந்து ஓய்வு பெற்ற பாண்டிச்சேரி செசிலுக்கு ஆள் அனுப்பினார்கள்.

"தரை கழுவுற ஆசிட்டை இதுல ஊத்தினீங்களா?" என்று யேசுரட்ணத்திடம் கேட்டாள்.

"ஐயோ, இல்லை அக்கா. அந்தப் போத்தல் இன்னும் உடைக்கேல்லை."

உண்மைதான். மூடியின் முத்திரை அப்படியே இருந்தது.

"சாவியை யாருக்காவது குடுத்தீங்களா?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. வீட்டிலை ஆணியிலைதான் கொழுவிக் கிடக்கும்."

செசில் குனிந்து பார்த்தாள். மாதாவின் முக்காட்டு மடிப்பில் பழுப்பாக ஒரு நார். அடியில் காம்பு கிள்ளிய செவ்வந்திப் பூ, வாடிப்போய்க் கிடந்தது.

மார்க்ஸ் டோர்மோய் தெருவில் இருந்த வீட்டில் யேசுரட்ணத்தின் மனைவி நாகேஸ்வரி தேத்தண்ணி கொடுத்தாள். சைவக்காரி. ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல்போன மகன் தனோஜனின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு பளபளத்தது.

"விளக்கை எதால தேய்க்கிறீங்கம்மா?"

"பழப்புளியாலைதான்."

செசில் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். "எல்லாரும் ஆசிட் போத்தலையே பார்த்தாங்க. புளியும் புளிப்புதானே? பித்தளையை மினுக்கும், சுண்ணாம்புக்கல்லைத் தின்னுடும். மடிப்புல புளிநார் இருக்கு. எங்க கோவில் ஆளுங்க பூங்கொத்தாதான் வைப்பாங்க. சாமிப் படத்துக்கு வைக்கிற மாதிரி காம்பைக் கிள்ளிப் பூவை மட்டும் வச்சது நீங்கதாம்மா."

"நாகேசு?" கூட வந்திருந்த யேசுரட்ணம் கதிரையை விட்டு எழுந்தார்.

அவள் மறைக்கவில்லை. "மாதாவின்ர கண்ணெல்லாம் பாசி, அக்கா. மடியிலை கிடக்கிற பிள்ளையைத் தாய் பார்க்க வேண்டாமோ? எனக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்லை. வெள்ளிக்கு வெள்ளி இவற்றை சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் படங்குக்குள்ளை கையை விட்டுத் தேய்ச்சன். இருட்டுக்குள்ளை ஒண்டும் தெரியேல்லை. முகம் போச்சுதோ?"

"ஆமாம்மா."

"பிள்ளையின்ரயுமோ?"

செசில் தலையாட்டினாள். நாகேஸ்வரி மகனின் படத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.

மாலையில் செசில் சொன்னதைப் பங்குத்தந்தை முழுவதும் கேட்டார். போலீஸ் பேச்சையே எடுக்கவில்லை. சாவியை யேசுரட்ணத்திடம் திருப்பிக் கொடுத்தார். "உங்கள் மனைவியை வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்கள். பூ மட்டும் போதும்."

வந்தாள். பூவை வைத்தாள். கல்லைத் தொடப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.