வூட்டுக்குப் போன மலைநாகம்

"ஏங்க! புடவைய விடுங்க!"

பேருந்திலிருந்த அத்தனை தலைகளும் திரும்பின. இளமாறனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாரல் முகத்தில் அடிக்கிறதே என்று ஜன்னல் ஷட்டரை இழுத்துவிட்டான். அவ்வளவுதான். முன் சீட்டிலிருந்து காற்றில் பறந்து வந்த முந்தானையையும் சேர்த்து அது கவ்விக்கொண்டது.

"நான் புடிக்கலைங்க... ஷட்டர்தான் புடிச்சிக்கினு இருக்குது."

"ஷட்டர இழுத்தது யாரு? மழையா?"

சொல்லிவிட்டு முழுதாகத் திரும்பினாள். நனைந்த நாவற்பழம் போல இரண்டு கண்கள்... அதில் கோபம் பாதி, சிரிப்பு பாதி. அவன் ஷட்டரைத் தூக்கினான். முந்தானை விடுபட்டது. அவன் மட்டும் மாட்டிக்கொண்டான்.

எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி அது. இடஒதுக்கீடு கேட்டு வடக்கு மாவட்டங்களில் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் கள்ளக்குறிச்சியிலேயே தங்கிப்போனார்கள். மலைக்குப் போகும் சாலை திறந்திருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி இன்று ஒரு வண்டி எடுத்திருந்தார்கள். நம்பிக்கை கோமுகி அணை வரைக்கும்தான் தாங்கியது. வண்டி குலுங்கி நின்றது.

கண்டக்டர் வீரமுத்து இறங்கிப் பார்த்துவிட்டு நனைந்துபோய் ஏறினார்.

"புளியமரம் குறுக்க கெடக்குதுங்க. அந்தாண்ட பக்கம் ஜீப்பு எதுனா வந்தா உண்டு. இல்லாங்காட்டி வண்டி திரும்பிடும்."

"இன்னாய்யா இது, சினிமாப் பல்லி வந்து வழிய மறிச்ச மாதிரி!" என்றாள் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்த தைலம்மாள். வண்டியே சிரித்தது.

ஊரில் அடைபட்டவர்கள் எல்லோருக்கும் போக்கிடம் ஒரே டூரிங் டாக்கீஸ்தான். அங்கே ஓடியதும் ஒரே படம்... 'தீக்குகை வீரன்'. எங்கோ வெள்ளைக்காரன் மலிவாக எடுத்து, சென்னையில் தமிழ் பேச வைத்த ராஜா காலத்துப் படம். ஊர் 'பல்லி' என்று பேர் வைத்துவிட்ட, நெருப்புக் கக்கும் ஒரு மலைநாகம், அதைக் கொல்லப் போகும் ஒரு வீரன், கோட்டை மேலே ஒரு இளவரசி. அதனால் பேச்சு தானாகவே அங்கே போய்விட்டது.

"பல்லியா அது? கித்தான்ல தெச்சி சாயம் அடிச்சிருக்கான். றெக்கைக்குக் கட்டுன கயிறுகூடத் தெரியிது" என்றார் வீரமுத்து.

"கோட்டை இன்னாத்துக்கு ஆடுது? காத்தடிச்சா நம்ம கூரையே அப்படி ஆடாது" என்றாள் தைலம்மாள்.

"வீரன் தோள்ல அம்மை குத்துன தழும்பு இருந்துச்சு. பாத்தீங்களா?" என்றாள் நாவற்பழக் கண்ணுக்காரி.

"அதெல்லாம் சரிம்மா... வீரனோட குரலு? தேனு! இளவரசிகிட்ட பேசும்போது எனக்கே கல்யாண ஆசை வந்திடுச்சு. அந்தப் பல்லி சாவும்போது சொல்லுச்சே, 'நான் வூட்டுக்குப் போறேன்'னு... அய்யோ சாமி! கொட்டாயே எழுந்து விசில் அடிச்சிது. 'டேய், நம்மூரு பல்லிடா'ன்னு!" என்றாள் தைலம்மாள்.

மறுபடியும் சிரிப்பு. இளமாறன் மட்டும் மழையைப் பார்த்தான்.

ரிஷிவந்தியத்து இளமாறன் சென்னைக்குப் போனதே குரலை நம்பித்தான். இந்தப் படத்தில் வீரனாகப் பேசத்தான் ஆசை. ஆனால் வீரனை அறைத்தோழன் சிவசங்கருக்குக் கொடுத்தார்கள். இவனுக்குக் கிடைத்தது மலைநாகம். காலித் தண்ணீர் டிரம்முக்குள் தலையை விட்டுத் தொண்டை கிழிய உறுமினான். கடைசியில் அம்பு பட்டு விழும் மலைநாகத்துக்கு ஒரே ஒரு வசனம்... 'நான் வீட்டுக்குப் போகிறேன்'. அதைச் சொல்லும்போது எங்கிருந்தோ ஊர் வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. ஒலிப்பதிவு செய்தவர் களைத்திருந்தார். "பல்லிதானே, போவட்டும்" என்று விட்டுவிட்டார். மற்ற ஊர்களில் எப்படியோ... சொந்த ஊர்க்காரன் சிரித்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நேற்று கொட்டாயில் விளக்கு போடும் முன்பே எழுந்து வந்துவிட்டான். இனி அந்த வேலைக்கே போவதில்லை என்று முடிவும் செய்துவிட்டான்.

"நீங்க படம் பாக்கலையா?"

அவள்தான். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. பேர் எழில்மதி. மணலூர்பேட்டை சொந்த ஊர். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பின்னால் திரும்பி, சீட்டின் கம்பிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் பேசப் பேச... மழை இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்று தோன்றியது அவனுக்கு.

"பாத்தேன். நான் மெட்ராஸ்ல... படத்துக்குக் குரல் பதியற எடத்துலதான் இருக்கேன். அக்காவுக்குக் கொழந்த பொறந்திருக்கு. வெள்ளிமலைல. அதான்..."

"குரல் பதியற எடமா?" கண்கள் விரிந்தன. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"அந்தக் கடைசி சீன்ல பேசுனாரே... அந்தக் குரல் நேத்திலேர்ந்து காதுல நின்னுக்கினே இருக்குது. ராத்திரி தூக்கமே இல்ல. அவரு யாருன்னு..."

சுருக்கென்றது. தேன் குரல்! கடைசிக் காட்சியில் இளவரசியிடம் பக்கம் பக்கமாகக் காதல் பேசியவன் அவன்தானே... சிவசங்கர்!

"தெரியும்" என்றான் வெடுக்கென்று. "ஒரே ரூமுதான்."

"நெசமாவா! எப்படி இருப்பாரு?"

எப்படி இருப்பானா? கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்பான். குறட்டை விட்டால் பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டுவான். அவனா வீரன்? முகம்கூடத் தெரியாத ஒருத்தனுக்காக ஒரு பெண் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறாள். இங்கே ஒருத்தன் முழு உடம்போடு எதிரில் உட்கார்ந்திருக்கிறான்... அவன் வெறும் ஷட்டர் இழுக்கிறவனாம்!

"சுமாரா இருப்பாரு."

"பேசுற விதத்தப் பாத்தா... ரொம்ப மனசு உள்ளவரா இருக்கணும். இல்லைங்களா?"

வயிறு பற்றி எரிந்தது. டிரம்மும் கித்தானும் இல்லாமலே இப்போது அவனால் நெருப்புக் கக்க முடியும்.

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க" என்றான். போதாது என்று பட்டது. "ரெண்டு புள்ளைங்க."

எழில்மதியின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அணைந்தது.

"அப்படிங்களா... நல்லா இருக்கட்டும்."

கன்னத்தைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிட்டாள். கண்ணாடி இல்லாத ஜன்னலில் துடைக்க எதுவுமில்லை. ஆனாலும் கம்பியில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பார்... அவனுக்காக அழக்கூடச் செய்கிறாள்! பொய் சொல்லியும் ஜெயிக்க முடியவில்லையே. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் சிவசங்கர்தான் ஜெயிக்கிறான்... மன்னிப்புக் கேட்கலாமா? உண்மையைச் சொல்லலாமா? சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்ப நீங்க படத்துல இன்னா பேசுனீங்க?' என்றுதானே வரும். அந்தப் பல்லி நான்தான் என்றால் இவளும் சிரிப்பாள். வண்டியே சிரித்ததைத் தாங்கிக்கொள்ளலாம். இந்தக் கண்கள் சிரித்தால்...?

மரத்துக்கு அந்தப் பக்கம் ஜீப் ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. மலைக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். கிளைகளைத் தாண்ட எழில்மதி தடுமாறியபோது அவன் கை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்ற விரல்கள்... தாண்டியதும் விட்டுவிட்டாள்.

ஜீப் நிறைந்துவிட்டது. பின்பக்கம் தைலம்மாளும் அவள் சாமை மூட்டையும் போக ஓர் ஆளுக்குத்தான் இடம் மிச்சம்.

"ஒருத்தரு ஏறலாம்!" என்றார் டிரைவர்.

எழில்மதி அவனைப் பார்த்தாள். "பச்சக் கொழந்தயப் பாக்கப் போறீங்க. நீங்க ஏறுங்க."

"வேணாங்க." மழை அவன் முகத்தில் வழிந்தது. பொறாமை, அவமானம், நேற்றைய விசில் சத்தம்... எல்லாம் சேர்ந்துகொண்டது. அடிவயிற்றிலிருந்து, உடைந்துபோய் வந்தது குரல்.

"நீங்க ஏறுங்க. நான்... நான் வூட்டுக்குப் போறேன்."

ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்தவள் அப்படியே நின்றாள். அந்தக் காலைக் கீழே இறக்கினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை?"

"இப்ப சொன்னீங்களே... அதை."

அவனுக்குப் புரிந்துவிட்டது. தலை தானாகக் குனிந்தது. "சிரிச்சிடுங்க. ஊரே சிரிச்சிதுல்ல... அந்தப் பல்லி நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. நாவற்பழக் கண்கள் நிறைந்து வழிந்தன. மழையா, கண்ணீரா... பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் அழுதேங்க. மலை மேல தனியா ஒரு ரூம்ல இருக்கேன். சாயங்காலம் ஆனா எனக்கும் அதே வார்த்ததான் வாயில வரும். வூட்டுக்குப் போவணும்னு... அதே 'வூட்டுக்கு'தான். நம்மூருக்காரரு யாரோ எங்கியோ தனியா இருந்து பேசுறாருன்னு பட்டுச்சு. அந்தக் குரலத்தாங்க கேட்டேன்."

"அப்ப... வீரன்?"

"எந்த வீரன்? தகரக் கவசம் போட்ட அந்த டப்பாவா? அவரைப் பத்தி நான் எதுக்குங்க கேக்கணும்?"

இளமாறனுக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இவ்வளவு நேரமும் அவன் எரிந்தது... அவன்மேலேயே!

எழில்மதி இடுப்பில் கை வைத்தாள். டீச்சர் திரும்பி வந்துவிட்டாள்.

"அதிருக்கட்டும். ரெண்டு புள்ளைங்கன்னு சொன்னீங்களே... அது யாருது?"

"அது வந்து..." விழித்தான். "பொறாமையில பொறந்த புள்ளைங்க."

"பொறாமையா? ஷட்டர்ல புடவைய மாட்டி விட்டு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆவல. அதுக்குள்ள பொறாமையா?"

"ஷட்டரத் தூக்குனப்பவே வந்துடுச்சுங்க." அவனுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. டிரம்மும் இல்லை, வீரனும் இல்லை... இவன் குரல். "ஒங்களப் புடிச்சிருக்குது. வேற யாரு குரலும் ஒங்க காதுல நிக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அதான் பொய் சொன்னேன்."

அவள் தலை குனிந்து, முந்தானை நுனியில் ஷட்டர் வைத்த கறுப்புக் கறையைப் பார்த்தாள்.

"எம்மா! ஏறுறியா, இல்லியா?" டிரைவர் ஹாரனை அமுக்கினார்.

"இருய்யா, ஒனக்கு இன்னா அவசரம்!" தைலம்மாள் சாமை மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஏறுங்க. பல்லிக்கு எம்மாம் எடம் வேணும்!"

ஏறினார்கள். தோளும் தோளும் உரச, ஜீப் மலை ஏறியது. முதல் வளைவு திரும்பும்போது அவன் மெல்லக் கேட்டான்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே..."

"மணலூர்பேட்டையில எங்க வூடு. சுப்புராயன் வூடுன்னா யாரும் காட்டுவாங்க. மறியல் முடிஞ்சதும் வந்து அப்பாகிட்ட கேளுங்க."

"மாட்டேன்னு சொல்லிட்டாருன்னா...?"

எழில்மதி வெளியே பார்த்தபடி சிரித்தாள்.

"உறுமுங்க."